மடியில் கனம்



மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது நம் நாட்டுப் பழமொழி. பொன்னையும் பணத்தையும் மடியில் முடிந்துகொண்டு காட்டுவழியே நடந்தவர்களின் அனுபவத்தில் பிறந்த மொழி அது. ஆனால், வழியில் பயம் இருக்கிறது என்பதற்காகவே மடியில் ஒரு கனத்தை வைத்துக்கொள்ளும் மக்களும் உலகில் உண்டு. அந்தக் கனம் பொன் அன்று, கைத்துப்பாக்கி. ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் அச்சிறு ஆயுதத்தை, குறிப்பாக அதன் உடற்பகுதி இரும்பிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகு, மனிதர் எவ்வாறெல்லாம் மதிப்பிட்டனர் என்ற வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவன் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் ஐயுறலாம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். நம்மில் பெரும்பாலோர் அதைத் திரைப்படத்தில் அன்றி வேறெங்கும் கண்டதில்லை. ஆயினும் மதிப்பிடுதல் என்பது ஆசிரியனின் தொழில். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு வற்புறுத்திக் கற்பித்த பாடங்களுள் ஒன்று உண்டு. ஒரு தேர்வு எதை அளக்க எழுந்ததோ அதைத்தான் அளக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கையெழுத்தின் அழகுக்கு மதிப்பெண் வழங்கிவிட்டு, ‘இவன் கணக்கில் வல்லவன்’ என்று சான்று எழுதுதல் ஆகாது. இந்தச் சிறு பாடத்தைக் கைவிளக்காகக் கொண்டு பார்த்தால், துப்பாக்கியின் வரலாறும் நமக்குச் சிலவற்றைக் கற்பிக்கும்.

மறைத்து ஏந்தும் ஆயுதத்தைக் குறித்து மனிதர் கொண்ட அச்சம் மிகப் பழையது. வணங்கிய கைக்குள்ளும் படைக்கலம் ஒளிந்திருக்கக் கூடும் என்று கூடாநட்பு அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்தார். அவர் காலத்தில் துப்பாக்கி இல்லை. ஆயினும் மறைவில் உள்ள ஆயுதம் வெளியில் தெரியும் ஆயுதத்தினும் கொடிது என்பதை அவர் அறிந்திருந்தார். வெளியே தொங்கும் வாள், ‘என்னிடம் எச்சரிக்கையாக இரு’ என்று எதிரே வருபவனுக்குச் சொல்லிவிடுகிறது. மடிக்குள் இருப்பது எதையும் சொல்வதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த உண்மை உலகறிய வெளிப்பட்டது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஹென்றி டெரிஞ்சர் என்ற கைவினைஞர் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு துப்பாக்கிகளைச் செய்து புகழ் பெற்றார். ஒரு முறை சுட்டால் மீண்டும் மருந்து கெட்டித்தாலன்றிச் சுட இயலாத கருவி அது. 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, வாஷிங்டன் நகரில் போர்டு நாடக அரங்கில் அமர்ந்திருந்த ஆபிரகாம் லிங்கனை ஜான் வில்க்ஸ் பூத் சுட்டது அத்தகைய டெரிஞ்சர் ஒன்றினால்தான். ஒரே தோட்டா போதுமானதாயிற்று. ஒரு குடியரசின் தலைவரைக் கொல்லப் படை வேண்டியதில்லை, சட்டைப்பை போதும் என்பதை உலகம் அன்று கண்டது.

அடுத்த மாற்றம் வேதியியலிலிருந்து வந்தது. பழைய கரிமருந்து வெடித்தால் புகையும் கசடும் மிகும். நுண்ணிய இயந்திர உறுப்புகள் விரைவில் அடைபட்டுப் போகும். 1884ஆம் ஆண்டில் பால் வியேய் என்ற பிரெஞ்சு அறிஞர் புகையில்லா வெடிமருந்தைக் கண்டறிந்தார். அதன் பிறகு, வெடிப்பின் ஆற்றலையே பயன்படுத்தி, வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கிகள் பிறந்தன. விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா மட்டுமே வெளிப்படும். ஆனால் அடுத்ததை ஏற்றும் வேலையைக் கருவியே செய்துகொள்ளும். ஆதலின் இதனை அரைத் தானியங்கி என்பர்.

இத்துறையில் தலைசிறந்தவர் அமெரிக்கராகிய ஜான் மோசஸ் பிரௌனிங். பெல்ஜியம் நாட்டில் லியேஜ் நகருக்கு அருகிலுள்ள எர்ஸ்டால் ஆலையில் அவருடைய கைத்துப்பாக்கிகள் உருவாயின. தட்டையாகவும் சிறிதாகவும் இருந்தமையால் அவை சட்டைப்பையில் எளிதாக அடங்கின. விற்பனைக்கு அது ஒரு சிறப்பு. வரலாற்றுக்கோ அது ஒரு திருப்பம். 1911 ஜூன் 17ஆம் நாள் நம் மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் துரையைச் சுட்டு, தம்மையும் சுட்டுக்கொண்டு உயிர் துறந்த வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் துப்பாக்கிதான். 1914 ஜூன் 28ஆம் நாள் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும் அவர் மனைவியையும் காவ்ரிலோ பிரின்சிப் என்ற இளைஞன் சுட்டதும் அதே ஆலையின் பிரௌனிங் துப்பாக்கியினால்தான். முதல் உலகப் போருக்கு அது பொறியாயிற்று. பின்னர் 1948 ஜனவரி 30ஆம் நாள் டெல்லியில் மகாத்மா காந்தியடிகளை வணங்குவதுபோல் நெருங்கியவன் கையில் இருந்தது இத்தாலி நாட்டுப் பெரெட்டா. வள்ளுவரின் எச்சரிக்கை சொல்லுக்குச் சொல் மெய்யாயிற்று.

இந்நிகழ்ச்சிகளின் நோக்கங்கள் வேறு வேறு. அவற்றை ஒரே தட்டில் வைத்து நிறுப்பது என் கருத்தன்று. ஆனால் கருவி எல்லாவற்றிலும் ஒரே தன்மையது. அது மறைந்திருந்தது, அதனால்தான் நெருங்க முடிந்தது.

இதுவரை கூறிய கருவிகள் எல்லாம் இரும்பால் ஆனவை. பிரௌனிங் வகுத்து அமெரிக்கப் படை 1911இல் ஏற்றுக்கொண்ட புகழ்பெற்ற துப்பாக்கி, தோட்டா இல்லாமலே ஏறத்தாழ 1,100 கிராம் எடையுள்ளது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு நாள் முழுதும் நடப்பது எளிதன்று. எடையைக் குறைக்க வேண்டுமானால் பொருளை மாற்ற வேண்டும்.

அந்தப் பொருளும் வேதியியலிலிருந்தே வந்தது. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலானை உருவாக்கினார். மூலக்கூறுகள் சங்கிலிபோல் நீண்டு கோத்துக்கொண்ட இத்தகைய பொருள்களைப் பாலிமர் என்கிறோம். காலுறையும் மீன்வலையும் செய்த அதே நைலானில் 1959இல் ரெமிங்டன் நிறுவனம் நீள் துப்பாக்கிக்குக் கட்டை செய்தது. 1970இல் ஜெர்மனியின் ஹெக்லர் கோக் நிறுவனம் பாலிமர் உடற்சட்டம் கொண்ட கைத்துப்பாக்கியை முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் விசை இழுப்பதற்குக் கடினமாக இருந்தது. அக்கருவி பெருவழக்குப் பெறவில்லை. ஒரு புதுமை முதலில் தோன்றும் இடம் ஒன்று, வேரூன்றும் இடம் வேறொன்று என்பதை வரலாற்றில் நாம் பலமுறை காண்கிறோம்.

அது வேரூன்றிய இடம் ஆஸ்திரியா. வியன்னாவுக்கு அருகில் டாய்ச்வாக்ராம் என்னும் சிற்றூரில், 1929ஆம் ஆண்டு பிறந்த காஸ்டன் கிளாக் என்ற பொறியாளர் 1963இல் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். திரைச்சீலைக் கம்பிகளும் பிளாஸ்டிக் பொருள்களும் அங்கே உருவாயின. பின்னர் ராணுவத்துக்குக் கத்தியும் மண்வெட்டியும் செய்தார். துப்பாக்கி செய்த பழக்கம் அவருக்கு இல்லை. 1980இல் ஆஸ்திரிய ராணுவம் உலகப் போர்க் காலத்து வால்தர் துப்பாக்கிக்கு மாற்றாகப் புதியது ஒன்றைத் தேடியது. கிளாக் அப்போட்டியில் இறங்கினார். சோதனை மாதிரிகளை அவர் இடக் கையால் சுட்டுப் பார்த்தார் என்றும், கருவி வெடித்துச் சிதறினாலும் வரைபடம் எழுத வலக் கை மிஞ்சும் என்பது அவர் எண்ணம் என்றும் அவரைப் பற்றி எழுதியோர் கூறுவர்.

மாணவர்களே, அந்த ராணுவம் வைத்த தேர்வைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். ‘நல்ல துப்பாக்கி வேண்டும்’ என்று மட்டும் சொல்லி அது நிற்கவில்லை. 17 நிபந்தனைகளை எழுதி வைத்தது. தோட்டாக்கூட்டில் 8 தோட்டாக்களேனும் அடங்க வேண்டும். வலக்கையர், இடக்கையர் ஆகிய இருவரும் ஒரே கையால் இயக்க வேண்டும். கருவியின்றிப் பிரித்துத் துடைக்க இயல வேண்டும். உறுப்புகள் 58க்கு மேற்படலாகாது. ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றில் பொருந்த வேண்டும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து எஃகுத் தகட்டின்மீது விழுந்தாலும் தானே வெடிக்கலாகாது. முதல் 10,000 தோட்டாக்களைச் சுடும்போது 20 முறைக்கு மேல் தடைபடலாகாது. மொத்த மதிப்பெண்ணில் நூற்றுக்கு 70 பெறாதது தள்ளப்படும்.

தேர்வுத்தாள் அமைக்கும் ஆசிரியன் ஒருவன் இதைக் கண்டால் மகிழ்வான். ஒவ்வொரு நிபந்தனையும் எண்ணத்தக்கது, அளக்கத்தக்கது. மேற்பார்வையாளரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடம் இல்லை. புகழ்பெற்ற பழைய நிறுவனங்கள் பலவும் போட்டியில் இருந்தன. ஆயினும் திரைச்சீலைக் கம்பி செய்தவரின் துப்பாக்கி வென்றது. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. அது கிளாக்கின் பதினேழாவது காப்புரிமை ஆதலின் ‘கிளாக் 17’ என்று பெயர் பெற்றது. 1985இல் நார்வே, 1988இல் சுவீடன் ஆகிய நாடுகளின் படைகளும் அதனை ஏற்றன.

அதன் அமைப்பைச் சுருங்கக் கூறுகிறேன். கையில் பிடிக்கும் உடற்சட்டம் பாலிமர். அதில் எஃகுத் தண்டவாளங்கள் நான்கு பதிக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேல் எஃகு மூடி ஒன்று முன்னும் பின்னும் நகரும், குழலும் எஃகே. தோட்டா வெடிக்கும் கணத்தில் குழலும் மூடியும் பூட்டிக்கொண்டு நிற்கும் முறை, பிரௌனிங் காட்டிய வழியில் வந்ததேயாகும். தோட்டாவின்றி அதன் எடை ஏறத்தாழ 630 கிராம். துருவேறாத சட்டம், பாதி அளவுக்கு நெருங்கிய எடை, குறைந்த உறுப்புகள், 17 தோட்டாக்கள்: இவையே அதன் வெற்றிக்குக் காரணங்கள்.

இனி, இக்கருவியை மதிப்பிட்ட இரண்டாவது நீதிமன்றத்துக்கு வருவோம். அதன் பெயர் வதந்தி. 1986 ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகை எழுத்தாளர் ஜாக் ஆண்டர்சன் பரபரப்பான ஒரு செய்தியை எழுதினார். லிபியாவின் தலைவர் கடாபி இந்தப் ‘பிளாஸ்டிக் துப்பாக்கிகளை’ நூற்றுக்கு மேல் வாங்க முயல்கிறார் என்றும், விமான நிலையச் சோதனையில் இவை அகப்படா என்றும் அச்செய்தி கூறியது. ராணுவத் துறை அதிகாரி ஒருவர் துப்பாக்கியைப் பிரித்துப் பையில் வைத்து வாஷிங்டன் விமான நிலையச் சோதனையைக் கடந்தார் என்பதும் சான்றாகக் காட்டப்பட்டது. விமானக் கடத்தல்கள் மலிந்திருந்த காலம் அது. மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

உண்மை யாது? அத்துப்பாக்கியின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எஃகு. அரைக் கிலோவுக்கு மேற்பட்ட எஃகு உலோகங்காட்டிக்குத் தப்புவது எவ்வாறு? குழலும் மூடியும் ஊடுகதிர்ப் படத்தில் துப்பாக்கி வடிவிலேயே தெரியும் என்று விமானப் பாதுகாப்புத் துறையினர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் எடுத்துரைத்தனர். அதிகாரியின் பை அகப்படாமல் போனதற்குப் பிளாஸ்டிக்கைக் காட்டிலும், திரையை நோக்கியிருந்த கண்ணின் கவனக்குறைவே காரணம் என்று கொள்வது பொருந்தும். ஆனாலும் ஒட்டிக்கொண்ட பெயர் உதிரவில்லை. 1990இல் வெளிவந்த ‘டை ஹார்டு 2’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில், ஜெர்மனியில் செய்த பீங்கான் துப்பாக்கி, பெயர் ‘கிளாக் 7’, எந்தச் சோதனைக்கும் அகப்படாது என்று கதைத்தலைவன் கூறுகிறான். அத்தகைய துப்பாக்கி உலகில் இல்லை. கிளாக் நிறுவனம் ஜெர்மனியிலும் இல்லை.

ஆனால் வதந்தியை முற்றும் இகழ்ந்து ஒதுக்கிவிடவும் கூடாது. அதன் விடை தவறு. அதன் கேள்வி தவறன்று. வருங்காலத்தில் உண்மையாகவே கண்ணுக்குத் தப்பும் துப்பாக்கி பிறக்குமானால் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சி நின்றது. அதற்கு விடையாக 1988 நவம்பரில் ஓர் அமெரிக்கச் சட்டம் பிறந்தது. 3.7 அவுன்ஸ், அதாவது 105 கிராம் அளவு எஃகுக்குரிய அடையாளத்தையேனும் உலோகங்காட்டியில் தராத துப்பாக்கியைச் செய்வதும் விற்பதும் குற்றம் என்றது அச்சட்டம். கிளாக் துப்பாக்கியை அது தொடவே இல்லை; அதில் அந்த அளவைப்போல் ஐந்து மடங்கு எஃகு இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் சென்றபின், 2013 மே மாதத்தில், முப்பரிமாண அச்சு இயந்திரத்தால் ஏறக்குறைய முழுதும் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு கைத்துப்பாக்கி டெக்சஸ் மாநிலத்தில் சுட்டுக் காட்டப்பட்டது. சட்டத்துக்கு அடங்கும் பொருட்டு அதைச் செய்தவர்கள் ஓர் எஃகுத் துண்டை உள்ளே வைத்தனர். 1986இல் இல்லாத பேய் 2013இல் உருவெடுத்தது. அச்சட்டமோ 1998, 2003, 2013, 2024 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். ராணுவத்தின் தேர்வு மிகச் சிறந்த தேர்வு என்று கூறினேன். அது எதை அளக்க எழுந்தது? போர்வீரன் ஒருவன் வெளியில் தெரியும் உறையில் இட்டு, பயிற்சி பெற்று, மேலதிகாரியின் கண்காணிப்பில் ஏந்தும் கருவியை அளக்க எழுந்தது. அக்கருவியே காவலர் கைக்கும், பின்பு சாதாரணக் குடிமகனின் சட்டைக்குள்ளும் வந்தபோது, பழைய மதிப்பெண் சான்று அப்படியே செல்லுமா?

1986 ஏப்ரலில் மயாமி நகரில் கொள்ளையர் இருவருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறையினர் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். ஆறு தோட்டாச் சுழல்துப்பாக்கி போதாது என்ற எண்ணம் காவலரிடையே அதன்பின் வலுத்தது. பல நகரக் காவல் துறைகள் அரைத் தானியங்கிக்கு மாறின. தலைநகராகிய வாஷிங்டன் காவலரும் 1980களின் இறுதியில் கிளாக் ஏந்தினர். பத்தாண்டுகளுக்குப் பின், 1998இல், ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் ஆராய்ந்து ஒரு கணக்கை வெளியிட்டது. அக்காலத்தில் அந்நகரக் காவலரின் துப்பாக்கிகள் 120 முறைக்கு மேல் எண்ணாமல் வெடித்திருந்தன. காவலர் சிலர் தம்மையோ தம் தோழரையோ சுட்டிருந்தனர். பயிற்சி போதாமையை அவ்விதழ் முதன்மைக் காரணமாகச் சுட்டியது.

அதே துப்பாக்கி, எஃகுத் தகட்டின்மேல் விழுந்தபோது வெடிக்கவில்லை அன்றோ? ஆம், விழுந்தபோது வெடிக்கவில்லை. ஆனால் அதில் கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் தனிப் பூட்டு இல்லை. காப்பு, விசையின் உள்ளேயே அமைந்தது. விரல் விசையின்மேல் அழுந்தினால் காப்பும் விலகும். விரல் வேண்டும்போது மட்டுமே விசையைத் தொடும் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்ட கருவி அது. ராணுவத்தின் எஃகுத் தகடு கருவியைச் சோதித்தது. களைத்த காவலனின் விரலைச் சோதிக்கவில்லை. இதை உணர்ந்த நியூயார்க் நகரக் காவல்துறை, சாதாரணமாக ஐந்தரை பவுண்டு அளவில் இழுபடும் விசையை 12 பவுண்டு அளவுக்குக் கடினமாக்கிப் பல ஆண்டுகள் வழங்கியது.

எடையைப் பற்றியும் ஒரு சொல். உயர்நிலைப் பள்ளியில் நீங்கள் படித்த உந்த அழியாமை விதியை நினைவுகூருங்கள். தோட்டா முன்னே செல்லும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. தோட்டா ஒன்றேயாக இருக்க, துப்பாக்கியின் எடை கால் பங்கு குறைந்தால், அது பின்னோக்கி எழும் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். பாலிமர் வளைந்து கொடுத்து அந்த அதிர்ச்சியைச் சற்றுத் தணிக்கும், நீக்கிவிடாது. இயற்கை ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கிக்கொள்கிறது. மறைப்பதற்கென்று துப்பாக்கியைக் குறுக்கக் குறுக்க, குழல் குறுகும். குறிபார்க்கும் தூரம் குறுகும். பிடிக்கும் விரல்களுக்கு இடம் குறுகும். சுமப்பதற்கு எளிதானது சுடுவதற்கு அரிதாகும். 1988இல் வந்த கிளாக் 19 இரண்டுக்கும் நடுவே நின்றது. 1994இல் அமெரிக்கச் சட்டம் புதிய தோட்டாக்கூடுகளைப் பத்துத் தோட்டாக்கு மிகாமல் கட்டுப்படுத்தியது. பத்துத்தான் என்றால் பெரிய கைப்பிடி எதற்கு என்று எண்ணிய நிறுவனங்கள், மேலும் சிறிய துப்பாக்கிகளில் கருத்தைச் செலுத்தின. கிளாக் 26 அக்காலத்தில் வந்ததே. தோட்டாவைக் குறைக்க எழுந்த சட்டம், துப்பாக்கி மறைவதற்கு ஒரு வகையில் துணை செய்தது.

மறைத்து ஏந்துவதற்கென ஒரு துப்பாக்கியைத் தேர்வோர் இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்ப்பர்: எடை, தடிமன், ஆடையில் சிக்காத வடிவம், வியர்வைக்குத் துருவேறாமை, விசையை முற்றும் மூடும் உறை, நம்பத்தக்க இயக்கம். இவை எல்லாம் நல்ல கேள்விகளே. ஆனால் இவற்றுள் ஒன்றேனும், ‘இது மறைந்திருக்கத்தான் வேண்டுமா?’ என்று கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்டது மூன்றாவது நீதிமன்றம், அதுவே சட்டம்.

பலர் எண்ணுவதற்கு மாறாக, மறைத்து ஏந்துவதைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் 1813ஆம் ஆண்டிலேயே பிறந்தது. கென்டக்கி மாநிலம் அதை இயற்றியது. அக்கால அமெரிக்கரில் பலர் ஆயுதம் தாங்குவதை இழிவாகக் கருதவில்லை. மறைப்பதையே இழிவாகக் கருதினர். வெளியே தாங்குபவன் வீரன், உள்ளே ஒளிப்பவன் கொலைக்குத் துணிந்தவன் என்பது அவர் எண்ணம். 1822இல் அம்மாநில நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. 1850இல் மக்கள் தங்கள் அரசியலமைப்பையே திருத்தி, மறைத்து ஏந்துவதைத் தடுக்கும் உரிமையைச் சட்டமன்றத்துக்கு வழங்கினர். மணியாச்சி நிகழ்ச்சி நடந்த அதே 1911இல் நியூயார்க் மாநிலம், மறைக்கத்தக்க சிறு துப்பாக்கிகளுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் இயற்றியது.

பின்பு காற்று திசை மாறியது. 1987இல் புளோரிடா மாநிலம், தகுதி குறைவற்ற எவரும் கேட்டால் மறைத்து ஏந்தும் உரிமத்தைக் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் செய்தது. மற்ற மாநிலங்கள் பல அதைப் பின்பற்றின. 2024ஆம் ஆண்டளவில் 29 மாநிலங்கள் உரிமமே இன்றி மறைத்து ஏந்த இடம் தந்துவிட்டன. 2022 ஜூன் 23ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனிப்பட்ட தேவையை மெய்ப்பித்தால்தான் உரிமம் என்ற நியூயார்க் விதியை ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் தள்ளியது. துப்பாக்கிச் சட்டம் எதுவாயினும் அந்நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்திருக்க வேண்டும் என்பதை அத்தீர்ப்பு அளவுகோலாக வைத்தது. வரலாறு படித்து என்ன பயன் என்று கேட்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1813இல் கென்டக்கியில் என்ன எழுதினர் என்பது, 2022இல் நியூயார்க் தெருவில் நடப்பவனின் மடியில் என்ன இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் வாதமாயிற்று. 2024இல் அதே நீதிமன்றம், குடும்ப வன்முறைக்காகத் தடையாணை பெற்றவனிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என்றும், அதற்குப் பழங்காலத்தில் அச்சாக அதே சட்டம் இருந்திருக்க வேண்டுவதில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

இவ்விரண்டு பக்கங்களிலும் நேர்மையான மனிதர் உள்ளனர். தனி வீட்டில் வாழும் ஒருத்தி, காவலர் வரும்வரை காத்திருக்க இயலாது என்கிறாள். கூட்டத்தில் நிற்கும் ஒருவன், எவர் மடியில் என்ன இருக்கிறதோ என்று அஞ்சி வாழ இயலாது என்கிறான். இருவர் அச்சமும் மெய்யே. அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப் புகவில்லை. எஃகுத் தகட்டின்மேல் துப்பாக்கியை ஆயிரம் முறை போட்டாலும் அதற்கு விடை கிடைக்காது என்று மட்டும் கூறுவேன்.

காஸ்டன் கிளாக் 2023 டிசம்பரில் தமது தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார். அவர் எழுதிய தேர்வில் அவர் தேறினார், அதில் ஐயமில்லை. அத்தேர்வில் இல்லாத கேள்விகளுக்கு அவருடைய துப்பாக்கி விடை சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. அக்கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள், அதை ஏந்துவோரும், ஏந்த இசைவு தருவோரும், அவர்களோடு ஒரே தெருவில் நடப்போருமே.

மாணவர்களே, துப்பாக்கியை நீங்கள் என்றும் தொடாமலே வாழ்ந்து மறையலாம், அவ்வாறே ஆகுக. ஆனால் உங்கள் வாழ்நாளில் எத்தனையோ புதிய கருவிகள் நற்சான்றுகளோடு உங்கள் முன் வந்து நிற்கும். அவற்றின் மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். யார் கைக்காக அந்தத் தேர்வு நடந்தது, இப்போது யார் கைக்கு வந்திருக்கிறது என்று கேளுங்கள். ‘பிளாஸ்டிக் துப்பாக்கி’ என்ற கூச்சலைக் கேட்டு ஓடாமல், அதில் எஃகு எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்க்கும் பொறுமையும் உங்களுக்கு வேண்டும். இவ்விரண்டும் உடையவர் எண்ணிக்கை பெருகினால், மடியில் எந்தக் கனமும் இன்றி மக்கள் வழிநடக்கும் காலம் வரக்கூடும்.